இடிக்கக் கூடாத வீடு

"இப்ப உன் கண்ணு குளிர்ந்துச்சா அக்கா?"

அக்கா செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அதற்குள் தம்பி ஆரம்பித்துவிட்டான்.

வாசல் தூணில் புதுத் தகடு. 'பாரம்பரியக் கட்டடம். இடிக்கக் கூடாது.' நகராட்சி ஆட்கள் காலையில்தான் அடித்துவிட்டுப் போயிருந்தார்கள். பெட்ரோல் பங்க் வைக்க இடத்தை விலை பேசியிருந்தவர் மதியமே கையை விரித்துவிட்டார்.

"என்ன பெரிய பாரம்பரியம்? கோட்டையா, கொத்தளமா? ரெண்டு உலகப் போருக்கு நடுவுல தாத்தா பஞ்சு வித்த காசுல கட்டினது. வளைஞ்ச வராண்டாவாம், வட்ட ஜன்னலாம், பார்த்தா கப்பல் மாதிரி இருக்காம். கடலே இல்லாத ஊர்ல கப்பல் எதுக்கு?"

"மெதுவாப் பேசு. பசங்க உள்ள படிக்கிறாங்க."

"குடும்பத்துல ஒருத்தர்தான் மனு கொடுத்தாங்கன்னு அதிகாரி சொல்லிட்டாரு. உன்னைத் தவிர யாரு கொடுப்பா? உனக்கு லிப்ட் வச்ச புது வீடு. நான் மட்டும் மழை பெய்யும்போதெல்லாம் பாத்திரத்தைத் தூக்கிட்டு ஓடணுமா?"

அக்காவுக்கும் சுருக்கென்று கோபம் வந்தது.

"ஆமாண்டா, நான்தான் கொடுத்தேன். மில்லை வித்தே. தோப்பை வித்தே. ஒரு தொழிலாவது உருப்பட்டுச்சா? இதையும் வித்துட்டுப் பொண்டாட்டி பிள்ளைங்களை எந்தத் தெருவுல கொண்டு போய் நிறுத்தப் போறே?"

"என் குடும்பத்தைப் பத்தி நீ கவலைப்பட வேண்டாம்."

சமையலறை வாசலில் நின்ற மனைவியிடம் திரும்பினான்.

"அண்ணி அண்ணின்னு தலையில தூக்கி வச்சு ஆடினியே, பார்த்தியா? கூடப் பிறந்தவளே குழி பறிச்சுட்டா."

மறுபடி அக்காவிடம் திரும்பினான்.

"இதோட சரி. இனிமே இந்தப் படியை மிதிக்காதே. உனக்குப் பிறந்த வீடும் கிடையாது, தம்பியும் கிடையாது."

ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

பிறந்த வீட்டில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்ப வேண்டியதாயிற்று. அக்கா பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

தம்பி மனைவி ஓடி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மனு கொடுத்தது நான்னு சொல்லியிருக்கலாமே அண்ணி. என் பழியை நீங்க ஏன் சுமக்கணும்?"

"என்னைத் திட்டினா நான் பஸ் ஏறிப் போயிடுவேன். அவன் திரும்பி வரும்போது நீ இங்கதானேம்மா இருக்கணும்."