அணில் திறக்காத பொந்து

ஒரு மைனா சொல்லித்தான் இந்தக் கதை எனக்குத் தெரியும்.

அந்தக் காட்டில் கொக்குதான் வைத்தியர். மாதாமாதம் பொதுக் கிடங்குக்கு நிறையக் கொட்டை கொடுப்பவர்களுக்கு எல்லா வைத்தியமும் இலவசம். குறைவாகக் கொடுத்தால் சின்னச் செலவெல்லாம் நம்முடையது. பெரிய செலவிலும் முதல் பங்கு நம்முடையது; மீதியைத்தான் கிடங்கு ஏற்கும். அணில் யோசித்து யோசித்துக் குறைவாகவே கொடுத்தது. மிச்சத்தை வைத்தியத்துக்கென்றே ஒரு பொந்தில் சேர்த்தது.

ஒருநாள் அதன் காலில் முள் ஏறி வீங்கியது.

“கொக்குகிட்ட காட்டுண்ணே,” என்றது ஓணான்.

“இதுக்கே பொந்தைத் திறந்தா, பெரிசா வரும்போது என்ன பண்றது?”

“வீக்கம் தொடை வரைக்கும் வந்தாச்சு. இன்னும் எவ்வளவு பெரிசா வரணும்?”

அணில் பொந்துக்குள் எட்டிப் பார்த்தது. கொட்டைகளைக் கண்டதும் வலி குறைந்தாற்போல் இருந்தது.

மழை தொடங்குமுன் அந்தக் கால் போய்விட்டது.

பிறகு கொக்கிடம் நானே விசாரித்தேன். முள் எடுப்பதற்கு அது யாரிடமும் எதுவும் வாங்குவதில்லையாம்.