உயிரோடு கேட்ட ஒப்பாரி

கிட்ட வாங்க கண்ணுகளா, ஒரு நாடகக் கதை சொல்கிறேன்.

பழைய பிரெஞ்சு நகைச்சுவை நாடகம் ஒன்றை நாடகக்காரர் சுந்தரராஜுலு தமிழ்ப் பாட்டாக எழுதியிருந்தார். அதில் மனைவியைச் சோதிக்கக் கணவன் செத்தவன்போல் படுப்பான். அவள் ஒப்பாரி பாடுவாள். துடியலூர் மேடைக்கு வேறு நடிகை இருந்தும், வீட்டு ஒத்திகையில் அவர் மனைவி பங்காரம்மா அடம்பிடித்தாள்.

“படுங்க, நான்தான் அழுவேன்.”

“உசுரோட இருக்கற புருசனுக்கேவா? ஆகாது அம்மணி.”

“பயமாக்கும்? கண்ணை மூடுங்க.”

படுத்தார். எதுகை பிசகாமல் அழுதாள். எழுதியது தீர்ந்தும் தானாகக் கட்டிப் பாடினாள்.

“போதும் பங்காரு, இது சிரிப்பு நாடகம்!”

“எனக்கு மூணு மாசந்தான்னு டாக்டர் நேத்து சொல்லிப்போட்டாருங்க. நமக்குப் புள்ளையுமில்லை. பின்னால உங்களுக்கு யாருங்க அழுவாங்க? அதான் இப்பவே அழுதுபோட்டேன்.”

அவர் கண்ணைத் திறக்கவேயில்லை; அவள் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

நாளை உங்கள் வீட்டில் கணவனும் மனைவியும் சேர்ந்தே கிழடாகுங்கள், கண்ணுகளா.