முப்பத்தொன்றாம் எண்

"முப்பத்தொண்ணு?" என்று பரிமளா டீச்சர் கூப்பிட்டாள். ஐந்தாம் வகுப்புப் பதிவேட்டின் அந்தக் கடைசி எண், பள்ளிக்குப் பின்னால் ஓடும் கன்னிமார் வாய்க்காலுடையது. அது பேசுவதற்கென்று வகுப்புச் சுவரில் மாட்டிய ஒலிபெருக்கியில் தினமும் "உள்ளேன் டீச்சர்" என்று கணீரென வரும் பதில், இன்று இருமலோடு வந்தது.

"மூச்சு முட்டுது டீச்சர். நேத்து முந்நூறு பேப்பர் கப்பைக் கொண்டாந்து கொட்டிட்டாங்க."

"யாருன்னு சொல்லு, உண்டு இல்லைன்னு பண்ணிடுறோம்!" என்று பிள்ளைகள் குதித்தார்கள்.

வாய்க்கால் தயங்கியது. "சொல்லட்டுமா டீச்சர்?"

பரிமளாவுக்குச் சுருக்கென்றது. நேற்று அவள் மகளுக்குக் காதுகுத்து. பந்தி முடிந்ததும் குப்பையை எங்கே போட்டீர்கள் என்று சமையல்காரரை அவள் கேட்கவே இல்லை.

ஒலிபெருக்கியின் சுவிட்ச் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அதை அவள் தொடவில்லை. சாக்பீஸை எடுத்து, கரும்பலகை ஓரத்தில் பிள்ளைகள் எழுதிவரும் 'வாய்க்காலில் குப்பை போட்டவர்' என்ற பட்டியலில் தன் பெயரைப் பெரிதாக எழுதினாள். புடவையைத் தூக்கிச் செருகினாள்.

"எல்லாரும் உக்காந்து படிங்க. இது நான் போட்டது, நானே அள்ளுறேன்."

"நம்ம கிளாஸ் புள்ளைக்கு உடம்பு சரியில்ல, எப்படி டீச்சர் உக்காருறது?" என்றாள் முதல் பெஞ்சு நிறைமதி. அதற்குள் முப்பது பேரும் எழுந்துவிட்டார்கள்.

முழங்கால் தண்ணீரில் நின்று கடைசிக் கப்பையும் கூடையில் போட்ட பிறகு, பரிமளா மறுபடி கூப்பிட்டாள்.

"முப்பத்தொண்ணு?"

வகுப்பு ஜன்னல் வழியே குரல் கணீரென்று வந்தது. "உள்ளேன் டீச்சர்!"