தாழிட்டு வை

"அம்மா வண்டியிலதான் இருக்காங்க. உங்க நீலச் சட்டையைத் தேய்ச்சு மடியில வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க. வாங்கப்பா."

மகள் கம்பிக் கதவுக்கு வெளியே நின்றாள். அப்பா உள்ளே, கையில் ஒரு துணிப்பையோடு. அவருக்கும் சாம்பல் நிறச் சட்டைதான். அந்த இல்லத்தில் எல்லாருக்கும் ஒரே சட்டை, ஒரே பாய். பெரியவர் சின்னவர் கிடையாது.

"நான் வரத்தாம்மா நிக்கிறேன். இவர் விட்டாத்தானே?"

இவர் என்றது உள்ளே அப்பாவின் பக்கத்தில் நின்ற சாவிக்காரரை. முன்பு லாரி ஓட்டியவர். பத்திரிகைகள் வாய் ஓயாமல் திட்டும் அந்தப் புது மதத்தில் சேர்ந்த பிறகு, வாசல் அவர் பொறுப்பு.

"போறேன்னு சொல்றது அவர் இல்ல, பாப்பா. அவருக்குள்ள இருக்கிற பயம்."

"எங்கப்பாவுக்கு எங்கம்மாகிட்ட மட்டுந்தான் பயம். அவங்ககிட்டயே வரேங்கிறாரு, விடுங்களேன்."

அப்பா சிரிப்பை அடக்கிக்கொண்டார். சாவிக்காரர் சிரிக்கவில்லை. நெஞ்சில் கைவைத்து, கண்ணை மூடி, அவர்களுடைய வேத நூலிலிருந்து ஒப்பித்தார். "போகிறேன் என்பவனின் குரல் அவனுடையது அல்ல. அது அடங்கும்வரை கதவைச் சாத்தி வை."

"தாழிட்டு வை" என்று முணுமுணுத்தார் அப்பா.

"ஆமா, தாழிட்டு வை. பாத்தீங்களா, எவ்வளவு மனப்பாடம். இவரைப் போய் வெளியே விடச் சொல்றீங்களே."

மகள் அப்பாவை முறைத்தாள். "இப்ப இது ரொம்ப அவசியமாப்பா?"

"வாய் தவறி வந்துடுச்சும்மா."

காவல் நிலையத்திலும் கேட்டுப் பார்த்தாயிற்று. அங்கேயே பாதிப் பேர், வேலை முடிந்ததும் சாம்பல் சட்டைக்கு மாறுகிறவர்கள்.

"அண்ணே, நீங்க வேதம்ங்கிறது ஒரு கதைப் புத்தகம். ரயில் ஏறுறவங்க பொழுதுபோக வாங்கிப் படிச்சது. அதுல ஒரு சாமியார் பேசுற வசனத்தைப் பிடிச்சுக்கிட்டு ஒரு மனுஷனைப் பூட்டி வைப்பீங்களா?"

அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

"கதையோ என்னவோ" என்றார் சாவிக்காரர். "குடிச்சுக் குடிச்சு ரத்தம் கக்கிக்கிட்டு வந்தவன் நான். விடுங்கடான்னு இதே கம்பியைப் பிடிச்சு ஆட்டினேன். அன்னிக்கு யாராவது இரக்கப்பட்டுத் திறந்திருந்தா, அடுத்த வாரமே எனக்குப் பால் ஊத்தியிருப்பாங்க." சட்டைக் கையில் கண்ணையும் மூக்கையும் துடைத்துக்கொண்டார். "அந்த எழுத்துதான் எனக்கு உசுரு குடுத்தது. அதுக்கு நான் துரோகம் பண்ணவா?"

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் மகளுக்குச் சிக்கல். மிரட்டுகிறவனாக இருந்தால் சண்டை போடலாம். அழுகிறவரிடம் என்ன செய்வது?

கம்பிக்கு இடையில் கையை நீட்டி, அப்பா அவள் விரலைப் பிடித்துக்கொண்டார். "அம்மாவை வீட்டுக்குப் போகச் சொல்லிடு. வெயில்ல உட்கார்ந்தா அவளுக்குத் தலைவலி வந்துடும்."

தெருவிலிருந்து ஹாரன் சத்தம் கேட்டது. அம்மாதான். பொறுமை போனால் அப்படித்தான்.

வண்டியில் வரும்போதே யோசித்து வைத்திருந்த கேள்வியை மகள் கடைசியாக எடுத்தாள். இதற்கு மேல் அவளிடம் எதுவும் இல்லை.

"சரிண்ணே. அந்தப் புத்தகத்தை எழுதினவரே இந்த வாசலுக்கு வந்து, 'அது சும்மா கதைக்காக எழுதினது, கதவைத் திற'ன்னு சொன்னா? அப்பவாவது திறப்பீங்களா?"

சாவிக்காரர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். பிறகு கீழ்த்தாழ்ப்பாளையும் போட்டுவிட்டு, அப்பாவின் பக்கம் திரும்பி, குனிந்து அவர் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"காலையிலேர்ந்து உங்கப்பா அதைத்தானே சொல்லிக்கிட்டிருக்காரு, பாப்பா."