எழுபது வயதுப் பையன்

"இது பிரவுன் ஸ்டிக்கர். என் காது மெஷினுக்கு ஆரஞ்சு ஸ்டிக்கர் போட்ட பேட்டரிதான் சேரும். போய் மாத்திட்டு வாப்பா."

சொன்ன அப்பாவுக்கு வயது தொண்ணூற்று நான்கு. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பேட்டரியோடு நின்ற மகனுக்கு எழுபது. இதய ஆபரேஷன் முடிந்து இரண்டு மாதம்தான் ஆகிறது.

மகன் முணுமுணுத்துக்கொண்டே படியிறங்கினார்.

அண்ணனைப் பார்க்க வந்திருந்த தங்கைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவருக்கே அறுபத்தாறு. அந்த வீட்டில் பென்ஷன் வாங்காதது பூனை ஒன்றுதான்.

வந்த மூன்று நாளாக இதே கூத்து. காலையில் பேப்பர் வாங்கி வந்தால், இந்தப் பேப்பர் இல்லை, வேறு பேப்பர் என்பார் அப்பா. மத்தியானம் மூக்குக் கண்ணாடியைக் காணோம். சாயங்காலம் பல்பு சரியில்லை. கடையோ தெருக்கோடியில். பஸ்ஸை விட்டு இறங்கியும் மனிதர் ஓட்டுவதை மட்டும் விடவில்லை.

நாளைக்கே அப்பாவைத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போய்விடுவது என்று தங்கை முடிவு கட்டினார். அப்போதாவது அண்ணன் நாலு நாள் நிம்மதியாக உட்காரட்டும். அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பெட்டியை எடுத்து வைத்து, அவர் மேஜை டிராயரை இழுத்தார்.

உள்ளே ஆரஞ்சு ஸ்டிக்கர் பேட்டரி பிரிக்காமல் ஆறு அட்டை. 'காணாமல் போன' கண்ணாடி நான்கு. பல்பு ஒரு டஜன்.

"எல்லாம் இங்க இருக்கே. வேணும்னேதான் அண்ணனை அலைய விடுறீங்களா?"

"ஆமாம்" என்றார் அப்பா.

தங்கை ஒரு பேட்டரி அட்டையை எடுத்து அவர் முன்னால் நீட்டினார்.

"தினம் ரெண்டு வேளை நடந்தே ஆகணும்னு டாக்டர் சொல்லியிருக்காரும்மா. இவன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் டிவி முன்னாடி உட்கார்ந்தவன்தான். எழுபது வயசாச்சு, இனிமே நடந்து என்ன ஆகப்போகுதுன்னான். அவன் உடம்புக்காக நடன்னா நடக்க மாட்டான். எனக்கு வேணும்னா எழுந்து ஓடுவான். சின்ன வயசிலிருந்தே அப்படித்தான்."

பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"என் வயசுக்காரங்க மூணு பேர் பெத்த பிள்ளை படத்துக்கு மாலை போட்டுட்டு உட்கார்ந்திருக்காங்க. இவ்வளவு நாள் இருந்ததுக்கு எனக்கும் அதுதான் மிச்சமான்னு பயமா இருக்கும்மா. பெட்டியைப் பார்த்ததுமே புரிஞ்சுது. உன் வீட்டுக்கு வரேன். ஆனா அப்புறம் இவனை யார் எழுப்புவா?"

தங்கை டிராயரை மெல்ல மூடினார்.

வாசலில் செருப்புச் சத்தம். வேர்த்து வழிய உள்ளே வந்த அண்ணன், அப்பாடா என்று நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உட்காராதேண்ணா" என்றார் தங்கை. "நான் இன்னும் ஒரு மாசம் இங்கேதான் இருக்கப்போறேன். எனக்கு ஒரு பல் பிரஷ் வாங்கிட்டு வந்துடு."