ரெண்டு விரல் கம்மி

"குட்டைன்னு சொல்றதுக்கு உனக்குச் சம்பளமா?" என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார்.

ஆமாம், அதற்குத்தான் சம்பளம்! ரோலர் கோஸ்டர் வாசலில் சிவப்புக் கோடு போட்ட கம்பம் ஒன்று நிற்கும். பக்கத்தில் நான் நிற்பேன். பிள்ளையின் உச்சந்தலை கோட்டைத் தொட்டால் உள்ளே. தொடாவிட்டால், அழுது புரண்டாலும் சரி, அப்பா மந்திரியே ஆனாலும் சரி, வெளியே. அந்த உயரம் இல்லாத பிள்ளைக்குத் தோள் கம்பி சரியாகப் பிடிக்காது. வழுக்கினால் யார் பதில் சொல்வது?

என்னை ஏமாற்றப் பார்க்காத ஆளே கிடையாது. ஷூவுக்குள் பேப்பரைத் திணிப்பார்கள். நடு உச்சியில் கொண்டை போட்டு விடுவார்கள். பிள்ளையை நுனிக்காலில் நிற்கச் சொல்லிவிட்டு, ஒன்றும் தெரியாத மாதிரி வானத்தைப் பார்ப்பார்கள். என் கண் குதிகாலை விட்டு நகராது. என்கிட்டயேவா!

அன்றைக்கு வந்தவர் வரிசையில் நிற்கும்போதே ஊரைக் கூட்டிவிட்டார்.

"என் பொண்ணுக்குப் பயம்னா என்னன்னே தெரியாது. அப்படியே அப்பனை உரிச்சு வெச்சிருக்கா!" என்று முன்னால் நிற்பவரிடமும் பின்னால் நிற்பவரிடமும் ஒரே பெருமை.

பொண்ணுக்கு ஏழு வயசு இருக்கும். கணுக்கால் வரைக்கும் கவுன். முகமெல்லாம் சிரிப்பு.

"போன வருஷம் என்னைத் திருப்பி அனுப்பிட்டீங்க அக்கா. இந்த வருஷம் வளர்ந்துட்டேன்!" என்றாள்.

எனக்கு ஞாபகம் இல்லை. நான் திருப்பி அனுப்பிய பிள்ளைகளையெல்லாம் ஞாபகம் வைத்துக்கொண்டால் மண்டை வெடித்துவிடும்.

"ஒரு வருஷமா இதே பேச்சுதான் மேடம்," என்றார் அப்பா. "ஜன்னல் கம்பியைப் பிடிச்சுத் தொங்கறா. என்னடின்னு கேட்டா வளர்றேன்கறா."

"வளர்ந்திருந்தா சந்தோஷம் சார். ஆனா இவ்வளவு சின்னப் பிள்ளையைத் தனியா விட மாட்டோம். பக்கத்துல நீங்க உக்காரணும்."

"நானா?"

"கூட வேற யாரும் வரலையே?"

"இவ அம்மாவுக்கு இன்னைக்கு டியூட்டி." பிறகு பெரிதாகச் சிரித்தார். "அதுக்கென்ன, ஜோரா உக்காந்துட்டாப் போச்சு!"

அந்த நேரம் பார்த்துத் தலைக்கு மேலே வண்டி கவிழ்ந்து திரும்பியது. உள்ளே இருந்தவர்கள் எல்லாரும் ஓவென்று கத்தினார்கள். இவர் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பெல்ட் கெட்டியா, பாதியில் கரண்ட் போனால் என்ன செய்வீர்கள், யாராவது மயங்கி விழுந்திருக்கிறார்களா என்று என்னைத் துளைத்தெடுத்தார். சரியான தொணதொணப்பு ஆசாமி என்று நினைத்துக்கொண்டேன். பொண்ணு அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாம்மா, வந்து நில்லு."

நின்றாள். குதிகால் ரெண்டும் தரையில் பச்சக்கென்று ஒட்டியிருந்தன. கொண்டை கிண்டை எதுவும் இல்லை. ஒரு தில்லுமுல்லும் இல்லை. தலை மட்டும் கோட்டுக்குக் கீழே இருந்தது.

"ரெண்டு விரல் கம்மி சார்."

எனக்கே பாவமாகப் போய்விட்டது. அழுதுவிடுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

அப்பாதான் வெடித்தார்.

"என்னது! காலையிலதான் வீட்டுல கதவுகிட்ட நிக்க வெச்சு அளந்தேன்! உங்க கம்பம்தான் கோணல். குழந்தைங்க மனசை நோகடிக்கறதுக்குன்னே ஒரு ஆளைப் போட்டு வெச்சிருக்காங்க. உங்களுக்கெல்லாம் ஈவிரக்கமே கிடையாதா?"

"சின்னப் பிள்ளைதானே, விட்டா என்ன குறைஞ்சு போகும்?" என்று வரிசையில் ஒரு அம்மாவும் சேர்ந்துகொண்டார்.

"வேணும்னா இன்னொரு தடவை நிக்கட்டும் சார், சரியா அளந்துடலாம்," என்றேன்.

"ஒண்ணும் வேணாம்! உங்க கோட்டை நீங்களே கட்டிக்கிட்டு அழுங்க. வா கண்ணு, நாம ஐஸ்கிரீம் சாப்பிடலாம்."

மகளைக் கிட்டத்தட்டத் தூக்கிக்கொண்டே நடையைக் கட்டினார்.

இப்படியும் ஒரு மனுஷன்! பெற்ற பிள்ளை எதிரில் இப்படியா கத்துவது? எத்தனையோ பேர் திட்டியிருக்கிறார்கள். அதையெல்லாம் துடைத்துப் போட்டுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டிருக்கிறேன். அன்றைக்கு மட்டும் மனசு ஆறவில்லை. ஒரு வருஷமாக ஆசைப்பட்ட பிள்ளைக்கு ஆறுதலாக ஒரு வார்த்தைகூடச் சொல்ல விடாமல் இழுத்துக்கொண்டு போய்விட்டாரே என்று ஆத்திரமாக வந்தது.

கொஞ்ச நேரத்தில் அவள் மட்டும் மூச்சிரைக்க ஓடி வந்தாள். அப்பா தூரத்தில் ஐஸ்கிரீம் கடை முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"அக்கா, அப்பா திட்டினதுக்கு ஸாரி."

"பரவாயில்ல கண்ணு. அடுத்த வருஷம் கண்டிப்பா..."

அவள் கம்பத்தை ஒட்டித்தான் நின்றிருந்தாள். தலை கோட்டைத் தாண்டி இருந்தது.

அவசரமாகக் குதிகாலைப் பார்த்தேன். தரையில்தான் இருந்தது.

"அடி வாலு! அப்போ மட்டும் எப்படிடி குறைஞ்சே?"

"கவுனுக்குள்ள முட்டியை மடக்கிட்டேன்."

எத்தனை வருஷ அனுபவம் எனக்கு! உயரமாகக் காட்டப் பார்ப்பவர்களை விரட்டி விரட்டிப் பிடித்தவள், குட்டையாக நின்ற ஒருத்தியைக் கோட்டை விட்டிருக்கிறேன்.

"ஐயோ, ஏன்டி? ஒரு வருஷமா இதுக்காகத்தானே காத்திருந்தே?"

அவள் அப்பா பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, என்னைக் குனியச் சொல்லிக் காதில் சொன்னாள்:

"பால்கனியில நின்னாலே அப்பாவுக்குக் கால் நடுங்கும் அக்கா. ஆனாலும், நான் கேட்டேன்னா கண்ணை மூடிக்கிட்டு ஏறிடுவாரு."