மூன்று மாதம் தாங்கும் கார்டு

"இப்ப வாங்காதீங்க சார். கிராபிக்ஸ் கார்டெல்லாம் யானை விலை குதிரை விலை விக்குது. ஆறு மாசம் பொறுத்தா இறங்கிரும்" என்றேன், என் கம்ப்யூட்டர் கடைக்கு வந்தவரிடம்.

"பையன் கேம் விளையாடணும்கறான். இருக்கறதுல குறைஞ்ச விலைக்குக் கொடுங்க."

"இந்தப் பழசு இருக்கு. ஆனா ராப்பகலா ஓடித் தேஞ்சது. மூணு மாசம் தாங்கினாலே பெரிசு."

"போதும்."

எனக்கு எரிச்சல் வந்தது. பெற்ற பிள்ளைக்கு வாங்குவதிலா கஞ்சத்தனம்? "கொஞ்சம் கூடப் போட்டுப் புதுசா எடுங்க. மூணு வருஷ வாரண்டி" என்று பெட்டியை நீட்டினேன். பெரிய எழுத்தில் அதில் அச்சடித்தும் இருந்தது.

அவர் அதைத் தொடவில்லை.

"பையனுக்கு டாக்டர் சொன்ன கெடு ஒரு மாசம்ங்க. வீட்டுல இந்தப் பெட்டியைப் பார்த்தா அவன் அம்மா தாங்கமாட்டா."